எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம். தூரத்து மக்களுக்காக இங்கிருந்து என்ன செய்யலாம்?

முத்தியால்பேட்டை_டீச்சர் · ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் எட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. கூட ஒரு நர்ஸ், ஒரு தையற்காரர், மீதி ஐந்து பேரும் கல்லூரிப் பிள்ளைகள். படித்த புத்தகத்தைப் பேசத்தான் ஆரம்பித்தோம். 2024 மே மாதம் நியூ கலிடோனியா பற்றியெரிந்த செய்தி வந்த பிறகு பேச்சு அந்தப் பக்கம் திரும்பி, இன்றுவரை அங்கேயே நிற்கிறது.

கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இருக்கிற தீவு அது. 1853-ல் பிரான்ஸ் பிடித்தது. மண்ணின் மக்கள் கனாக்குகள். தங்கள் நாட்டைக் கனாக்கி என்பார்கள். 1998-ல் நூமெயாவில் போட்ட ஒப்பந்தப்படி, விடுதலை வேண்டுமா என்று மூன்று முறை வாக்கெடுப்பு. 2018-ல் வேண்டும் என்றவர்கள் 43 சதவீதம் சொச்சம். 2020-ல் கிட்டத்தட்ட 47. மூன்றாவது வாக்கெடுப்பு 2021 டிசம்பர் 12. கொரோனாவில் செத்தவர்களுக்குத் துக்கம் காக்கிறோம், தள்ளிவையுங்கள் என்று கனாக்குகள் கேட்டார்கள். பாரிஸ் காது கொடுக்கவில்லை. அவர்கள் புறக்கணித்தார்கள். 44 சதவீதம் பேர்கூட வாக்களிக்காத அந்த நாளில், 96 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றதாக முடிவு வந்தது. பிறகு 2024-ல், பத்து வருடம் அங்கே குடியிருந்தவர்களுக்கெல்லாம் உள்ளூர்த் தேர்தல் பட்டியலைத் திறந்துவிட பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் சட்டம் வந்தது. தங்கள் ஓட்டின் பலம் குறைந்துவிடும் என்று கனாக்குகள் எதிர்த்தார்கள். அப்போதுதான் தீ பற்றியது.

இதைப் படித்துவிட்டு ஒரு மாணவி கேட்டாள்: "நம்மளையும் அவங்கதானே டீச்சர் ஆண்டாங்க? நம்மகிட்ட எப்படிக் கேட்டாங்க?"

புதுச்சேரி இந்தியாவோடு சேர வாக்கெடுப்பு நடந்த கீழூரின் கதையைச் சொன்னேன். 1954 அக்டோபர் 18. ஊர்மக்கள் யாரும் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள்; இந்தியாவோடு சேர 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றத்துக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருந்தோம். வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சந்திரநாகூரில் மட்டும்தான் 1949-ல் மக்களே நேரில் வாக்களித்தார்கள்.

"அப்போ நம்மகிட்டயும் முழுசாக் கேக்கலை" என்றாள் அந்தப் பெண். எனக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. முப்பது வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன், ஒருநாளும் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை.

என் கேள்வி இதுதான். தங்கள் விதியைத் தாங்களே தீர்மானிக்கக் கேட்கிற மக்களுக்காக, இங்கே மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேர் உருப்படியாக என்ன செய்ய முடியும்? காந்தி சிலை முன்னால் பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு வருவதில் எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

புலியூரான் · ஞாயிறு, இரவு 10.02

டீச்சர், மரியாதையோடதான் சொல்றேன். கடலூர் சிப்காட் ரசாயன ஆலைங்க பக்கம் வந்து ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க. மூச்சு முட்டும். வெள்ளம் வந்தா ஒவ்வொரு தடவையும் கெடிலக்கரை குடிசைங்கதான் முதல்ல போகுது. இங்க இருக்கிற சனத்துக்கு நாதியில்லாதப்போ பசிபிக் தீவுக்குக் குரல் கொடுக்கிறது எனக்குப் புரியலை. நேரமும் ஆளும் கொஞ்சம். அதை வீட்டு வாசல்ல செலவழிக்கணும்.

குடிகாடு_அக்கா · ஞாயிறு, இரவு 11.30

தம்பி, சிப்காட் பேரை எடுத்துட்ட. அதனால நான் பேசியாகணும்.

எங்க ஊர்ல நாத்தம்னு சொன்னா, எங்க ஆதாரம்னு கேப்பாங்க. அதிகாரி ஜீப் வந்து சேர்றதுக்குள்ள காத்து திசை மாறிடும். எத்தனை மனு, எத்தனை வருசம். 2004-ல ஊர்க்காரங்களே காத்தைப் பிடிக்க ஆரம்பிச்சோம். சாதாரண பிளாஸ்டிக் வாளி, உள்ள ஒரு தனி மாதிரிப் பை, காத்தை உறிஞ்ச ஒரு சின்ன மோட்டார். நாத்தம் வந்த நிமிசமே வாளியைத் தூக்கிட்டு ஓடணும். அதுக்கு முன்னாடி ஒரு நோட்டு போட்டோம்: எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்துக் காத்து, என்ன நாத்தம். அழுகின முட்டையா, நகப்பூச்சா, பொணவாடையா. மூக்கைத்தான் முதல்ல பழக்கினோம்.

அந்த வாளி எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? அமெரிக்காவுல, கலிபோர்னியாவுல எண்ணெய் ஆலைக்குப் பக்கத்துல குடியிருந்தவங்க 1990-கள்ல கையில எடுத்தது. அப்புறம் லூசியானாவுல ஆலை ஓரத்துல வாழ்ந்த கறுப்பின சனங்க அதைத் தூக்கினாங்க. அவங்ககிட்டேருந்து சுத்திச் சுத்தி எங்க கைக்கு வந்துச்சு. நாங்க பிடிச்ச காத்து அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய், அதுல என்னென்ன ரசாயனம் இருக்குன்னு தாள்ல வந்துச்சு. அதுக்கப்புறம்தான் எங்க பேச்சை நாலு பேர் நின்னு கேட்டான்.

அந்த லூசியானாக்காரி, நம்ம வீட்டு நாத்தமே போகலை, கடலூருக்கு என்னத்துக்குன்னு நினைச்சிருந்தா எனக்கு வாளி வந்திருக்காது. இது ஒண்ணைத்தான் உன்கிட்ட சொல்ல வந்தேன்.

டீச்சர், உங்களுக்கும் ஒண்ணு. வந்தவங்க எங்களுக்காக மேடையில பேசலை. வாளியை எப்படிப் பிடிக்கிறதுன்னு காட்டிட்டு ஒதுங்கி நின்னாங்க.

தேவனாம்பட்டினத்தான் · திங்கள், காலை 6.15

அக்கா சொன்னதோட மறுபக்கத்தை நான் சொல்றேன். 2004 சுனாமி. உலகமே எங்களுக்கு ஓடி வந்துச்சு, அந்த நன்றி சாகிறவரைக்கும் இருக்கும். ஆனா ரோட்டோரம் பழைய துணியைக் குவியல் குவியலாக் கொட்டிட்டுப் போனாங்க. மழையில நனைஞ்சு நாறிக் கிடந்துச்சு. எங்க பொம்பளைங்க அதைக் கையால தொடலை. கடல் எல்லாத்தையும் எடுத்துக்கிச்சு, மானத்தை எடுக்கலையே.

படகு கொடுத்தவங்களும் உண்டு. எங்க கடலுக்கு, எங்க அலைக்கு ஆகாத படகு. எத்தனை குதிரைத்திறன் இஞ்சின், எந்தக் கண்ணி வலைன்னு ஒரு வார்த்தை எங்க பஞ்சாயத்தாரைக் கேட்டிருக்கலாம். ஒரு சின்னக் குழு மட்டும் வந்து மூணு நாள் பேசாம உட்கார்ந்திருந்தாங்க. நாலாம் நாள், என்ன வேணும்னு கேட்டாங்க. வலை பின்ன நூல் வேணும்னோம். நூல் வந்துச்சு. அவங்களை இன்னும் கல்யாணத்துக்குக் கூப்பிடுறோம்.

அந்தத் தீவு சனத்தை யாராவது கேட்டீங்களா டீச்சர்?

முத்தியால்பேட்டை_டீச்சர் · திங்கள், காலை 7.40

இல்லை தம்பி, கேட்கவில்லை. அந்தக் கேள்வியே எங்களுக்குத் தோன்றவில்லை. எதை வைத்துக் கேட்பது என்றும் தெரியவில்லை, எங்களில் யாருக்கும் பிரெஞ்சு சரளமாக வராது.

சொல்தா_பேரன் · திங்கள், பிற்பகல் 1.20

எனக்கு வரும். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனவர். 1962-ல் ஒப்சியோன், அதாவது எந்த நாட்டுக் குடியுரிமை என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். அந்த ஓய்வூதியத்தில்தான் எங்கள் வீடு எழும்பியது, நான் படித்தேன். வியட்நாம்காரன் தன் மண்ணுக்காகச் சண்டை போட்டபோது எதிர்ப்பக்கம் துப்பாக்கி பிடித்து நின்றவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். கடைசிக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து, "அவன் ஊர்ல எனக்கென்னடா வேலை இருந்துச்சு" என்று முனகுவார். யாரும் பதில் சொல்ல மாட்டோம். அந்தக் கடன் எங்கள் குடும்பத்தில் இன்னும் அடைபடவில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூ கலிடோனியாவுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு ஆண்டவன் ஒருவன் என்பதோடு முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ரீயூனியன் தீவிலிருந்து கரும்பு வேலைக்கு அங்கே கொண்டுபோன கூலிகளில் இந்தியர்களும் இருந்தார்கள். 'மலபார்' என்று அழைத்தார்கள். ரீயூனியனுக்கு அவர்களை ஏற்றிய துறைமுகங்களில் புதுச்சேரியும் காரைக்காலும் உண்டு.

சரி, வேலைக்கு வருகிறேன். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுக் குடிமக்களுக்குப் பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டு உண்டு. வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான 11-வது தொகுதியில் இந்தியா வருகிறது. ஆஸ்திரேலியா உள்ளிட்ட ஓசியானியாவும் அதே தொகுதி. அந்த உறுப்பினர் என் ஓட்டையும் கேட்டு வருகிறவர். கனாக்கி பற்றி பாரிஸ் போடும் சட்டங்கள் அவர் உட்காரும் பிரெஞ்சு நாடாளுமன்ற அவைக்கு வருகின்றன. 2024 ஜூனில் விடுதலை இயக்கத் தலைவர் கிறிஸ்தியான் தெயின் என்பவரைப் பிடித்து, 17,000 கிலோமீட்டர் தள்ளி பிரான்சில் மூல்ஹவுஸ் சிறையில் வைத்தார்கள். அப்போது என் உறுப்பினருக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. குற்றவுணர்வோடுதான் சொல்கிறேன்.

பஞ்சாலைத்_தெரு · திங்கள், மாலை 5.05

சொல்தா பேரன் அண்ணா, நீங்க எழுதினது மனசைப் பிசைஞ்சுடுச்சு.

எங்க தாத்தா புதுச்சேரி சவானா மில்லு, பஞ்சாலைத் தொழிலாளி. 1936 ஜூலை 30-ல வேலைநிறுத்தம் செஞ்சவங்களைப் பிரெஞ்சுப் படை சுட்டதுல 12 தொழிலாளிங்க செத்தாங்க. ஜூலை 30 வந்தா எங்க தெருவுல இன்னும் மாலை போடுறோம். அதுல ஒரு விசயம் சின்னப் பிள்ளையில கேட்டது: 1937-ல தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். அப்ப அங்க மக்கள் முன்னணி ஆட்சி. அங்கத்திய தொழிற்சங்கத் தோழருங்க கூட நின்னாங்க. அந்த வருசமே எட்டு மணி நேர வேலை நம்ம மில்லுங்களுக்கு வந்துச்சு. சுட்டதும் பிரான்சு, கூட நின்னதும் பிரான்சு. எந்தப் பிரான்சுன்னு பிரிச்சுப் பார்க்கணும்.

எட்டுப் பேரால என்ன ஆகும்னு டீச்சர் கேட்டதுக்கு ஒரு உதாரணம். அயர்லாந்து, டப்ளின். 1984 ஜூலை. ஒரு பெரிய கடையில கல்லாவுல இருந்த மேரி மானிங்ங்கிற 21 வயசுப் பொண்ணு தென்னாப்பிரிக்கப் பழத்துக்குப் பில்லு போட மாட்டேன்னு சொன்னாங்க. சங்கம் எடுத்த முடிவு அது. வேலையை விட்டு நிறுத்தினதும் கூட வேலை செஞ்சவங்க வெளிய வந்தாங்க, மொத்தமே பத்துப் பன்னெண்டு பேர். நிறவெறின்னா என்னன்னு அவங்களுக்கே அப்ப சரியாத் தெரியாது. தென்னாப்பிரிக்காவிலேருந்து நாடு கடந்து வந்திருந்த நிம்ரோட் செஜாக்கேங்கிற பெரியவர் தினம் மறியல் வரிசையில நின்னு சொல்லிக் கொடுத்தார். கிட்டத்தட்ட மூணு வருசம் மழையில நின்னாங்க. 1987-ல அயர்லாந்து அரசாங்கமே தென்னாப்பிரிக்கப் பழம் காய்கறிக்குத் தடை போட்டுச்சு.

அவங்க கைக்கு எட்டினது பில்லு போடுற மிசினு. நம்ம கைக்கு எட்டுறது எதுன்னு தேடணும்.

கெடிலக்கரை_வக்கீல் · திங்கள், இரவு 8.45

நல்ல விவாதம். சட்டப் பக்கத்தை யாராவது சொல்லியாக வேண்டும், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பணத்தைத் தொடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010-ன்படி, பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் ஓர் அமைப்பு வெளிநாட்டுப் பணம் வாங்கக்கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வாங்க வேண்டும், வாங்கியதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. புதுச்சேரிக்காரர்கள் கவனிக்காமல் விடும் ஒரு முடிச்சு இருக்கிறது: வெளிநாட்டுக் குடிமகன் கொடுப்பது ரூபாயாக இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான். சொல்தா பேரன் சார் உங்கள் தெருவிலேயே பிறந்தவராக இருக்கலாம். அவர் உங்கள் குழு உண்டியலில் 500 ரூபாய் போட்டால் அது வெளிநாட்டுப் பணம். ஆகவே உண்டியலே வேண்டாம். தபால்தலைச் செலவை அவரவர் பையிலிருந்து போடுங்கள்.

பேச்சுரிமை 19(1)(அ). ஆனால் 19(2)-ல் 'அயல்நாடுகளோடு நட்புறவு' என்ற பேரிலும் கட்டுப்பாடு விதிக்கலாம். 1951-ல் முதல் திருத்தத்தில் சேர்ந்தது. தெருவில் கூட்டம் என்றால் முன்கூட்டியே அனுமதி. ஈழம் பற்றிப் பேசலாம், ஐ.நா. மனித உரிமை மன்றத் தீர்மானங்களைப் பேசலாம். புலிகள் அமைப்பின் மீது 1992 முதல் தடை நிற்கிறது. அதன் கொடி, சின்னம் எதையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

புலியூரான் · திங்கள், இரவு 9.30

குடிகாடு அக்கா, வாளி கதை எனக்குத் தெரியாது. தலை வணங்குறேன். ஆனாலும் ஒரு சந்தேகம் வக்கீல் சாருக்கு. சுயநிர்ணயம்னு நாம பேசினா, பிரிவினை பேசுறான்னு நம்ம மேலயே திருப்ப மாட்டாங்களா?

கெடிலக்கரை_வக்கீல் · திங்கள், இரவு 10.10

நியாயமான சந்தேகம். 1966-ல் ஐ.நா. ஏற்ற இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகளுக்கும் முதல் பிரிவே சுயநிர்ணய உரிமைதான். இந்தியா 1979-ல் இரண்டிலும் சேர்ந்தது. சேரும்போதே, இந்த உரிமை அந்நிய ஆதிக்கத்தின் கீழ் உள்ள மக்களுக்கு மட்டும்தான், இறையாண்மை உள்ள நாடுகளுக்கோ ஒரு தேசத்து மக்களில் ஒரு பகுதிக்கோ பொருந்தாது என்று அறிவிப்புக் கொடுத்தது. பிரான்ஸ் உள்ளிட்ட சில நாடுகள் அதை ஆட்சேபித்தன. எனக்கும் அந்தக் குறுக்கலில் உடன்பாடு இல்லை. ஆனால் இந்தியாவின் அளவுகோலை வைத்தே பார்த்தாலும் நியூ கலிடோனியா அதற்குள் வருகிறது. இன்னும் தன்னாட்சி பெறாத பிரதேசங்கள் என்ற ஐ.நா. பட்டியலில் 1986 முதல் அது இருக்கிறது. மேற்கு சகாராவும் அதே பட்டியலில்தான்; வாக்கெடுப்பு நடத்த 1991-ல் போன ஐ.நா. குழு இன்னும் நடத்தவில்லை, மக்கள் அல்ஜீரியப் பாலைவனத்து முகாம்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். இவர்களுக்காகப் பேசுவதற்கு நம் நாட்டின் கொள்கையே இடம் தருகிறது.

முகாம்_மகள் · செவ்வாய், காலை 5.50

எல்லாத்தையும் வாசிச்சன். நான் பிறந்ததே இலங்கை அகதி முகாமில், புதுச்சேரிக்கு வடக்கே. அம்மா கிளிநொச்சி. 2021-ல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், நல்ல விசயம். ஆனால் நான் இன்னும் எந்த நாட்டுப் பிள்ளையும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் எங்களுக்கு இடமில்லை.

எங்களுக்காகப் பேச நிறையப் பேர் வந்திருக்கினம். மேடையில் ஏத்தி, அழு என்று சொல்லாமல் சொல்லுவினம். நான் பத்தாம் வகுப்பில் அப்படி ஒரு மேடையில் நின்டு அழுதிருக்கிறன். பிறகு அந்த ஆக்கள் ஒருநாளும் வரவில்லை. தேவனாம்பட்டினத்து அண்ணை துணிக்குவியலைப் பற்றி எழுதினதை வாசிக்க எனக்கு அந்த மேடைதான் ஞாபகம் வந்தது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20-ல் கொட்டகை போட்டு இருந்தவை. பிள்ளையின் படத்தை மடியில் வைச்சபடி எத்தனையோ தாய்மார் செத்தும் போச்சினம். அரசாங்கம் அமைச்ச காணாமல் போனோர் அலுவலகத்தை அவை ஏற்கவில்லை, சர்வதேச விசாரணை கேட்கினம். கேட்கிறது அவ்வளவு தெளிவாக இருக்கு. ஆனால் இங்க கூட்டம் போடுற ஆக்கள் அதைத் தவிர மற்றதெல்லாம் பேசுவினம்.

வக்கீல் ஐயா, ஒரு கேள்வி. வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கையே 2016-ல் ஏற்புறுதி செய்திட்டுது. இந்தியா?

கெடிலக்கரை_வக்கீல் · செவ்வாய், காலை 8.20

இல்லை மகளே. 2007-ல் கையெழுத்துப் போட்டதோடு நிற்கிறது. ஏற்புறுதி செய்தால்தான் அது நாட்டைக் கட்டுப்படுத்தும். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையும் அப்படித்தான், 1997-ல் கையெழுத்து, ஏற்புறுதி இல்லை. நான் இத்தனை நேரம் என்ன செய்யக்கூடாது என்றே எழுதிக்கொண்டிருந்தேன். செய்ய வேண்டியதை நீ எடுத்துக் கொடுத்துவிட்டாய். கடலூருக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர். புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். மூன்று பேரிடமும் கேட்கலாம்: ஏன் இன்னும் ஏற்புறுதி இல்லை என்று அவையில் கேள்வி எழுப்புங்கள் என்று. அதற்கு எந்தப் போலீஸ் அனுமதியும் வேண்டாம், உண்டியலும் வேண்டாம்.

முத்தியால்பேட்டை_டீச்சர் · செவ்வாய், இரவு 9.00

இன்று அவசரமாக மாடியில் கூடினோம். எல்லோருடைய பதிவையும் உரக்க வாசித்தோம். மீனவத் தம்பியின் பதிவை இரண்டு முறை.

மூன்று உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதுகிறோம். தமிழில், கையால். ஆகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோர் நாள், அதற்குள் போய்ச் சேர வேண்டும். பதில் வராவிட்டால் மாதாமாதம் எழுதுவோம். நர்ஸ் அக்கா ஒரு நோட்டு போட்டுவிட்டார், குடிகாட்டு நோட்டைப் போல: எந்தத் தேதி அனுப்பினோம், என்ன பதில், யார் தொடர்வது.

கனாக்கி விசயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. 2025 ஜூலையில் பிரான்சில் உள்ள பூழிவாலில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், ஆகஸ்டில் கனாக்குகளின் விடுதலை முன்னணி அதை நிராகரித்தது. விடுதலையைப் பற்றி நாம் கருத்துச் சொல்லக்கூடாது, வாக்கெடுப்பு நேர்மையாக நடக்க வேண்டும் என்பதோடு நிறுத்த வேண்டும் என்கிறார் தையற்காரர். பிள்ளைகளுக்கு அது போதவில்லை. நான் தையற்காரர் பக்கம் சாய்கிறேன், ஆனால் உறுதியாக இல்லை. முதலில் அங்குள்ளவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்போம், அதுவரை ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். சொல்தா பேரன், பிரெஞ்சில் எழுதித் தருவீர்களா?

மகளே, எங்கள் மாடிக்கு வா. மேடை கிடையாது, பாய்தான்.

சொல்தா_பேரன் · செவ்வாய், இரவு 10.35

எழுதுகிறேன். என் உறுப்பினருக்கும் தனியாக எழுதிவிட்டேன், தாமதமாகத்தான். கனாக்குகளுக்கு நாம் யார் என்று சொல்ல ஒரு பத்தி வேண்டும், டீச்சர். கீழூரை அவர்களுக்குப் புரிகிறபடி நீங்கள்தான் எழுத வேண்டும்.

முத்தியால்பேட்டை_டீச்சர் · செவ்வாய், இரவு 10.50

எழுதுகிறேன். அதற்கு முன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை கீழூர் நினைவிடத்துக்குப் போய்விட்டு வருகிறேன். ஞாயிறு காலை, வில்லியனூர் வழியாக.

புலியூரான் · செவ்வாய், இரவு 11.05

நான் கடலூர்லேருந்து முதல் பஸ்ஸுல கிளம்பி வந்துடறேன். எங்க நிக்கட்டும்?

முகாம்_மகள் · புதன், காலை 5.40

அன்டைக்கு முகாமில் செக்கிங் இல்லாட்டி நானும் வாறன்.